1872 கில்லட்டின் வரைபடத் தொகுப்பு: மாதிரி செய்து முடித்தபின் ஒரு மதிப்புரை

பிரான்சில் தலையை வெட்டி மரண தண்டனை நிறைவேற்றப் பயன்பட்ட இயந்திரமான கில்லட்டினைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்ய விரும்புவோருக்காகத் தயாரிக்கப்பட்ட இந்த வரைபடத் தொகுப்பில் ஏ3 அளவில் 14 தாள்களும் 22 பக்கக் குறிப்பேடு ஒன்றும் இருக்கின்றன. 36 யூரோ கொடுத்துப் பிடிஎஃப் கோப்பாக வாங்கினேன். அச்சடித்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. ஏழு மாதங்கள் இதை வைத்து வேலை செய்து மாதிரியை முடித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தாள்களைப் புரட்டிப் பார்த்த அன்றே எழுதியிருந்தால் குறையே இல்லாத தொகுப்பு என்று எழுதியிருப்பேன். மரத்தை அறுக்கத் தொடங்கிய பிறகுதான் இதன் பலமும் பலவீனமும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மர வேலைக்கு இதைவிடத் தெளிவான வரைபடத்தை நான் கண்டதில்லை. ஆனால் இயங்கும் உலோகப் பாகங்களுக்கு இதை அப்படியே நம்பினால் மாதிரி நிற்குமே தவிர ஓடாது.

எந்தக் கில்லட்டின் என்ற கேள்விக்கு முதல் தாளிலேயே விடை இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். 1792 ஏப்ரல் 25 அன்று பாரிஸின் பிளாஸ் த கிரேவ் சதுக்கத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட இயந்திரம் வேறு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிழற்படங்களில் நாம் காணும் இயந்திரம் வேறு. முதலாவதை வடிவமைத்தவர் அறுவைமருத்துவக் கழகத்தின் செயலாளரான அந்துவான் லூயி. செய்து கொடுத்தவர் தோபியாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர், அவர் ஹார்ப்சிகார்டு என்னும் இசைக்கருவி செய்பவர். யாருடைய பெயர் அந்த இயந்திரத்துக்கு நிலைத்ததோ அந்த மருத்துவர் கியோத்தின், தண்டனை எல்லாருக்கும் ஒரே மாதிரியாகவும் வேதனை குறைவாகவும் இருக்க வேண்டும் என்று 1789இல் பிரான்சின் தேசிய சபையில் வாதாடியவர். அந்த இயந்திரத்தின் ஒரு பாகத்தைக்கூட அவர் வரையவில்லை.

இரண்டாவது இயந்திரம் லெயோன் பெர்ஜே என்பவருடையது. தச்சராகவும் தண்டனை நிறைவேற்றுபவரின் உதவியாளராகவும் இருந்தவர் அவர். 1870 நவம்பர் 25 அன்று நீதி அமைச்சர் அதோல்ஃப் கிரேமியே பிறப்பித்த ஆணை, மாகாணம்தோறும் இருந்த தண்டனை நிறைவேற்றுபவர்களை நீக்கி நாடு முழுவதற்கும் ஒருவரை மட்டும் வைத்தது; உயர்ந்த மேடையையும் ஒழித்தது. 1871 ஏப்ரல் 6 அன்று, பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசின் காலத்தில், தேசியக் காவற்படையினர் அங்கிருந்த கில்லட்டினை வால்டேர் சிலையின் முன்னே கொண்டுவந்து எரித்தார்கள். அதன் பின் 1872இல் பெர்ஜே செய்தவை, தரையிலேயே நிறுத்தக்கூடியவையாகவும், கழற்றி வண்டியிலோ ரயிலிலோ ஏற்றி எந்த ஊருக்கும் கொண்டுபோகக்கூடியவையாகவும் அமைந்தன. ஆகவே, 1872 இயந்திரத்தை மாடிப்படியுடன் கூடிய உயர்ந்த மேடையின் மேல் ஏற்றி வைத்த மாதிரியை எங்கேனும் பார்த்தால், அதைச் செய்தவர் இரண்டு நூலை ஒரே அட்டைக்குள் தைத்திருக்கிறார் என்று பொருள். இந்தத் தொகுப்பு அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 12 தாள்கள் பெர்ஜே வகைக்கும், 2 தாள்கள் 1792 வடிவத்தின் ஊக மீட்டுருவாக்கத்துக்கும் என்று கறாராகப் பிரித்துவிட்டது.

தாள்களின் தரத்துக்கு வருகிறேன். வரைந்தவர் இரண்டு வகைக் கோடுகளைக் கையாள்கிறார். நேரில் அளந்த பாகங்களுக்கு அழுத்தமான கறுப்புக் கோடு. நிழற்படங்களிலிருந்து கணித்தவற்றுக்கு மெல்லிய சாம்பல் கோடு. கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் பழம்பொருள் வரைபடங்களில் இந்த நேர்மை அரிது. பெரும்பாலானவற்றில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் ஒரே உறுதியுடன் நிற்கும். எது கண்டது, எது கற்பித்தது என்று நமக்குத் தெரியாது. இங்கே, நிலைத்தூண்களுக்கு இடையில் உள்ள 37 சென்டிமீட்டர் இடைவெளி கறுப்பில் இருக்கிறது. தூண்களின் உச்சியில் உள்ள தலைக்கட்டைக்கு உள்ளே மறைந்திருக்கும் கப்பியின் அச்சு சாம்பலில் இருக்கிறது. எனக்கு வசதிப்பட்டபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையை அந்தச் சாம்பல் கோடு எனக்குக் கொடுத்தது. கறுப்பில் கை வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அதுவே கொடுத்தது.

1792 தாள்களில் இன்னொரு நுணுக்கம். அந்துவான் லூயி எழுதிவைத்த விவரக்குறிப்பில், பத்து அடி உயரமுள்ள இரண்டு ஓக் தூண்கள், அவற்றுக்கு இடையே உட்புறமாக ஓர் அடி இடைவெளி என்று வருகிறது. இந்த அடி ஆங்கிலேயரின் அடி அன்று. மீட்டர் முறை பிரான்சில் சட்டமானது 1795இல்தான். அதற்கு முன் பாரிஸில் வழங்கிய ‘அரசனின் அடி’ 324.8 மில்லிமீட்டர் நீளமுடையது, ஆங்கில அடியோ 304.8. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மாற்றினால் தூண் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். எல்லாப் பாகமும் ஆறு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும். வரைந்தவர் இதை உணர்ந்து, ஒவ்வோர் அளவையும் பழைய அலகிலும் மில்லிமீட்டரிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அதே தாளின் ஓரத்தில், 1792 ஜூனில் கட்டடக்கலைஞர் ஜிரோ அந்த இயந்திரத்தைப் பார்வையிட்டு எழுதிய குறைகளையும் சேர்த்திருக்கிறார்: தூணில் வெட்டிய பள்ளங்களான காடிகளும் அவற்றுக்குள் ஓடும் நாக்குகளும் மரத்தாலேயே செய்யப்பட்டிருந்தன, காடியைச் செம்பிலும் நாக்கை இரும்பிலும் செய்திருக்க வேண்டும், கயிறு மாட்டும் கொக்கிகள் வெறும் ஆணியில் நிற்கின்றன, மரையுடன் கூடிய திருகு போட்டிருக்க வேண்டும். முதல் பயன்பாட்டுக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இத்தனை குறை. ஷ்மிட் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டவர் என்பதையும், அதற்கு முன் கேட்கப்பட்ட கிதோன் என்ற தச்சர் 5,660 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கேட்டார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த ஆணிகளின் காரணம் புரிகிறது. பாகங்களின் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பாகம் பட்ட பாட்டையும் எழுதிவைப்பது மாதிரி செய்பவருக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இந்த ஒரு தாள் போதும்.

இனி, என் முதல் இடறல். கோப்பை ஓர் அச்சகத்தில் கொடுத்து 14 தாள்களையும் வாங்கிவந்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் சரியாக 100 மில்லிமீட்டர் நீளமுள்ள சரிபார்ப்புக் கோடு ஒன்று இருக்கிறது. அதை அளக்காமல் முதல் தூணை அறுத்து, காடி வெட்டி, தேய்த்தும் முடித்தேன். பிறகு தூண் ஏன் எழுதப்பட்ட அளவுக்கு வரவில்லை என்று காலிப்பர் என்னும் அளவுகருவியை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தால் 97 என்று காட்டியது. தாளுக்குள் அடங்குமாறு சுருக்கி அச்சடித்திருக்கிறார்கள். பிழை அச்சகத்தின் பிழைதான்; ஆனாலும், அளவுக் கோட்டை அளக்காதவன் தச்சு வேலைக்கு வரக் கூடாது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இந்தக் கோட்டைத் தாளின் மூலையில் மங்கலாக வைக்காமல், குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எச்சரிக்கையாக வைத்திருக்கலாம்.

இரண்டாவது இடறல், தோற்றங்களை அடுக்கும் முறையால் வந்தது. இந்தத் தாள்கள் ஐரோப்பிய வழக்கப்படி முதற்கோண முறையில் வரையப்பட்டவை. அதாவது, இடப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம் முகப்புத் தோற்றத்துக்கு வலப்புறத்தில் இருக்கும். அமெரிக்கத் தாள்களில் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் படிப்பார்கள். கத்தியை விடுவிக்கும் நெம்புகோல் பொருந்தும் துளைகளை நான் தவறான தூணில் போட்டேன். முறையைக் காட்டும் சிறு கூம்புச் சின்னம் தாளின் தலைப்புக் கட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ‘இடத் தூண்’, ‘வலத் தூண்’ என்று பாகத்தின் மேலேயே எழுதிவிட்டால் சின்னத்தைத் தேட வேண்டிய வேலையே இல்லை. சின்ன வேலை, பெரிய பயன்.

மரப் பாகங்களில் இந்தத் தொகுப்பு ஈடு இணையற்றது. அடிச்சட்டத்தின் ஒவ்வொரு கழுந்தும் துளையும் தனித்தனி வெட்டுத் தோற்றத்துடன், எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எந்த ஆப்பு அதைப் பிடிக்கிறது என்பது வரை காட்டப்பட்டுள்ளது. பெர்ஜேயின் இயந்திரம் சுத்தியல் ஓசையின்றிப் பூட்டப்படுவதற்காகச் செய்யப்பட்டது. ஆணி அடிக்கிற வேலை இல்லை, கொக்கியும் திருகும் பொருத்துகளும்தான். தாள்களின் வரிசையும் அந்த இயந்திரத்தை உதவியாளர்கள் எழுப்பிய வரிசையிலேயே செல்கிறது: முதலில் தரைச் சட்டம், பிறகு தூண்கள், அவற்றைத் தாங்கும் சாய்வுக் கால்கள், மேலே தலைக்கட்டை, அதன் பின் கழுத்தைப் பற்றும் இரட்டைப் பலகையான லுனெத், கடைசியில், தண்டனை பெற்றவரைக் கிடத்தும் சாய்பலகை. செய்கிறவனும் அதே வரிசையில் செய்தால் எந்தப் பாகமும் மற்றொன்றை மறைத்துக்கொண்டு நிற்பதில்லை. சாய்பலகை உருளைகளின் மேல் முன்னோக்கி ஓடி லுனெத்துக்கு அருகில் வந்து நிற்கும் தூரத்தைப் புள்ளிக்கோட்டில் இரண்டு நிலைகளாகக் காட்டியிருப்பது, வரைந்தவர் தாமே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார் என்று நம்ப வைத்தது. பின்னால் வரப்போகும் உலோகத் தாள்கள் அந்த நம்பிக்கையைக் குலைத்தன என்பது வேறு விஷயம்.

எந்த மரம் என்பதில் குறிப்பேட்டின் அறிவுரையை ஏற்றுக்கொள்ளலாம். மூலம் ஓக் என்பதற்காக மாதிரியையும் ஓக்கில் செய்தால், அதன் துளைவரிகள் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். 450 மில்லிமீட்டர் தூண் பழைய கப்பலின் பாய்மரம்போல் தோன்றும். துளைவரி நெருக்கமான பேரி மரத்தை எடுத்துச் சாயம் ஏற்றச் சொல்கிறார். கப்பல் மாதிரி செய்பவர்களுக்கு இது பழைய பாடம்.

இப்போது 9 முதல் 11 வரையுள்ள தாள்கள். மூலத்தில் கத்தியைச் சுமந்து இறங்கும் எடைக்கட்டையைப் பிரெஞ்சில் ‘மூத்தோன்’ என்கிறார்கள். அங்கே அதன் பொருள் செம்மறி ஆடு. தமிழில் எழுதினால் வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று பொருள் வந்துவிடுவதால் நான் எடைக்கட்டை என்றே சொல்கிறேன். கத்தி, எடைக்கட்டை, இரண்டையும் இணைக்கும் திருகுகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ; விழும் தூரம் ஏறக்குறைய 2.25 மீட்டர். பெர்ஜே இதில் மூன்று மாற்றங்களைச் செய்தார். எடைக்கட்டையின் இருபுறமும் காடிக்குள் ஓடும் சிறு சக்கரங்கள். கட்டையின் உச்சியில் உள்ள அம்புமுனைத் தண்டைக் கவ்விப் பிடித்து, நெம்புகோலை அசைத்ததும் விட்டுவிடும் இடுக்கி. கீழே வந்து மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சுருள்வில்கள். இந்த மூன்றிலும்தான் தொகுப்பு தடுமாறுகிறது.

சக்கரங்களை முதலில் பார்ப்போம். காடியின் அகலமும் சக்கரத்தின் விட்டமும் பத்தில் ஒன்றாகச் சுருக்கித் தரப்பட்டுள்ளன. இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. மூலத்தில் 1 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் அது ஒழுங்காக ஓடும். மாதிரியில் அது 0.1 மில்லிமீட்டராகிறது, மழை நாளில் மரம் அதைவிட அதிகமாகவே ஊதும். என் எடைக்கட்டை முதல் முயற்சியில் பாதி வழியில் கோணலாகி, இழுப்பறை சிக்குவதுபோல் இரு காடிகளுக்கும் இடையே சிக்கிக்கொண்டது. காடிக்குள் மெல்லிய பித்தளைத் தகட்டை ஒட்டி, பக்கத்துக்கு 0.25 மில்லிமீட்டர் விட்ட பிறகுதான் இறங்கியது. ஜிரோ 1792இல் ஷ்மிட்டுக்குச் சொன்ன அதே அறிவுரை: காடியை உலோகத்தில் செய். தம் 1792 தாளிலேயே அந்தக் குறிப்பை அச்சடித்தவர், தம் 9ஆம் தாளில் அதை மறந்துவிட்டார்.

சுருள்வில்கள் விஷயத்தில் இருப்பது மறதி அன்று, கணக்குப் பிழை. மூல வில்லின் கம்பித் தடிமனையும் சுருளின் விட்டத்தையும் வடிவ விகிதப்படி சுருக்கி, சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் கொடுத்திருக்கிறார். வடிவம் சரி, வேலை சரியில்லை. நீள அளவைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது: 40 கிலோ 40 கிராம் ஆகும். விழும் தூரமும் பத்தில் ஒன்று என்பதால் மோதும் ஆற்றல் பத்தாயிரத்தில் ஒன்றாகிறது. ஆனால் அப்படியே சுருக்கிய வில்லின் விறைப்பு பத்தில் ஒன்றாக மட்டுமே குறைகிறது. அந்த வில் அதே விகிதத்தில் அமுங்க வேண்டுமானால் விறைப்பு நூறில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆக, தாளில் உள்ளபடி செய்த வில், வேண்டியதைப் போல் பத்து மடங்கு விறைப்பானது. விளைவை நான் கண்ணால் பார்த்தேன்: எடைக்கட்டை கீழே வந்து பந்துபோல் எகிறி, லுனெத்தின் மேல்பலகைக்கு மேலே போய் மறுபடி விழுந்தது. அதிர்ச்சியைத் தடுக்கப் பெர்ஜே செய்த ஏற்பாடு அதிர்ச்சியை உண்டாக்கும் ஏற்பாடாகிவிட்டது. தீர்வு எளிது. விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது; எனவே சுருளின் விட்டத்தையும் சுற்றுகளையும் மாற்றாமல், கம்பியை மட்டும் 0.56 மடங்காகக் குறைத்தால் போதும். 0.8 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 0.45 கம்பியைச் சுற்றினேன். இப்போது அடங்கி நிற்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். மூலத்தில் தடையின்றி விழுந்தால் ஏறக்குறைய 0.68 நொடி, இறுதி வேகம் நொடிக்கு 6.6 மீட்டர். மாதிரியில் 0.21 நொடி, நொடிக்கு 2.1 மீட்டர். கண்ணுக்கு மாதிரி அவசரப்படுவதுபோல் தெரியும். அது செய்தவரின் தவறன்று, இயற்கையின் விகிதம். குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால், பலர் எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இடுக்கித் தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூடிய நிலையில் மட்டும் வரையப்பட்டிருக்கிறது. திறந்த நிலை இல்லை. தாடைகள் எவ்வளவு விரியும் என்பதும் இல்லை. அந்தத் தாளுக்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதை வரைந்தவருக்கு எழுதினேன். பணிவாகப் பதில் வந்தது, திருத்திய தாள் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்ட பொருளை மாதிரியாகச் செய்வது தகுமா என்று கேட்பவர்களுக்குத் தொகுப்பே ஒரு விதத்தில் பதில் சொல்கிறது. மனித உருவம் எந்தத் தாளிலும் இல்லை. நிலையைக் காட்டக்கூட நிழலுருவம் வரையவில்லை. கத்தியைக் கூர் தீட்டாமல், 45 பாகைச் சாய்வு மட்டும் தெரியும்படி மழுக்கி விடுங்கள் என்று இரண்டு இடங்களில் சொல்கிறார். பெர்ஜே வகை இயந்திரம் தூரத்துப் பழங்கதை அன்று: மார்செய் நகரின் போமெத் சிறையில் அது கடைசியாகப் பயன்பட்டது 1977 செப்டம்பர் 10 அன்று, பிரான்ஸ் மரண தண்டனையை ஒழித்தது 1981 அக்டோபர் 9 அன்று. இந்த இரண்டு தேதிகளையும் குறிப்பேட்டின் முன்பக்கத்தில், எந்த அலங்காரமும் இல்லாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டிருக்கிறார். அது சரியான இடம்.

தச்சுப் பழக்கம் உள்ளவர், உலோகத் தாள்களைத் தாமே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளத் தயங்காதவர் இதை வாங்கலாம். 36 யூரோ அதிகமில்லை. முதல் மாதிரியாக இதை எடுப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் 1792 தாள்கள் இரண்டை மட்டும் வைத்து, கயிறும் கொக்கியும் கொண்ட எளிய வடிவத்தைச் செய்துபார்ப்பது நல்லது.

கடைசித் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாரிஸின் ரோக்கெத் சிறை வாசல் இருந்த இடத்தில், இன்றைய குருவா-ஃபோபான் தெருமுனையில், இயந்திரத்தைத் தாங்குவதற்காகத் தரையில் பதித்த ஐந்து கருங்கற் பலகைகள் இப்போதும் கிடக்கின்றன. 14ஆம் தாள் மாதிரியின் பீடமாக அந்த ஐந்து கற்களை வரைந்து தருகிறது. கூடவே, தரைச் சட்டத்துக்கு அடியில் செருகும் சிறு ஆப்புகள் நான்கு. அலங்காரத்துக்கென்று நினைத்து ஆப்புகளைச் செய்யாமல் விட்டேன். முடித்த மாதிரியைப் பணிமேசையிலிருந்து வரவேற்பறை அலமாரிக்கு மாற்றிய அன்று, அதுவரை ஒழுங்காக இறங்கிய எடைக்கட்டை மறுபடி பாதியில் நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அன்று இரவே உட்கார்ந்து நான்கு ஆப்புகளையும் செதுக்கினேன்.